நானூற்றுப் பதினேழுக்கு நேரே ஒரு கோடு

அந்த அலுவலகத்தில் அவளுக்கு வக்கீல் என்று பெயர். சட்டம் படித்தவள் இல்லை, படித்ததெல்லாம் கணினிதான். ஆனால் யாராவது தான் எழுதிய நிரலைச் சரிபார்க்கச் சொல்லி அவளிடம் அனுப்பிவிட்டால் போதும், கூண்டில் ஏற்றி நிறுத்திவிடுவாள். "இது ஏன் இங்க இருக்கு? இது இல்லன்னா என்ன ஆகும்? ஒண்ணும் ஆகாதுன்னு யாரு சொன்னது?" என்று வரிக்கு வரி குடைவாள். அவள் கையில் சிக்குவதற்குப் பயந்தே பாதிப் பேர் தங்கள் வேலையை இன்னொரு முறை திருத்திவிட்டு அனுப்புவார்கள். அப்பேர்ப்பட்டவள் எழுதியதில்தான் அந்த ஓட்டை இருந்தது. மற்றவர்களையெல்லாம் கேள்வி கேட்டவள், தன்னை ஒரே ஒரு கேள்வி கேட்காமல் விட்டிருந்தாள்.

அலுவலகம் ஒன்றும் பெரிதில்லை. கீழே டயர் கடை, மேலே ஒரு நீள அறை, அதில் ஒன்பது மேசைகள். ஜன்னலைத் திறந்தால் ரப்பர் நாற்றம், மூடினால் புழுக்கம். எதிர்ச் சுவரில் மேலாளர் தன் கைப்படப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிய தாள் ஒன்று இருந்தது: "இரண்டு கை இல்லாமல் எதுவும் வெளியே போகாது."

அதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. இரண்டு வருடத்துக்கு முன்னால் மேலாளரே அவசரப்பட்டு, யாரிடமும் காட்டாமல் ஒரு மாற்றத்தை ஏற்றி, வாடிக்கையாளர் ஒருவரின் மொத்தப் பட்டியலையும் துடைத்தெறிந்துவிட்டார். ஒரு வாரம் மனிதர் யார் முகத்திலும் விழிக்கவில்லை. அதன் பிறகு வந்த விதி அது. எழுதியவர் ஒரு கை, அதைப் படித்துப் பார்த்துச் சம்மதித்தவர் ஒரு கை. இரண்டு பேரும் தங்கள் கணக்கிலிருந்து சம்மதம் கொடுத்தால்தான் புதிய நிரலை வெளியே அனுப்பும் பொத்தான் உயிர் பெறும். அனுப்பியதைத் திரும்ப இழுக்கவும் அதே இரண்டு கை வேண்டும். யாரும் ஏமாற்ற முடியாதபடி கணினியிலேயே பூட்டுப் போட்டு வைத்திருந்தார், தன்னையும் சேர்த்து. அந்த ஒரு விஷயத்தில்தான் மனிதர் கறார். மற்ற எதைக் கேட்டாலும் "பாக்கலாம்" என்பார். அதனால் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பாக்கலாம் சார் என்றே பெயர்.

அவள் எழுதிய மென்பொருள் ஒரு பேட்டரி தொழிற்சாலைக்கானது. அங்கே ஈயத்தை உருக்குகிறார்கள். ஈயப் புகை உடம்பில் ஏறினால் வயிறு, நரம்பு, மூளை என்று ஒன்றையும் விட்டு வைக்காது. அதனால் மாதம் ஒருமுறை ஒவ்வொரு தொழிலாளியின் விரலிலும் குத்தி, ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, சின்னக் கருவி ஒன்றில் வைத்து ஈயத்தின் அளவைப் பார்ப்பார்கள். கருவி சொல்லும் எண் அவளுடைய மென்பொருளுக்குள் வரும். அங்கிருந்து தொழிலாளியின் கைப்பேசிக்கும், ஃபோர்மேனின் திரைக்கும், ஆய்வுக்கு வரும் அரசு அதிகாரியின் பட்டியலுக்கும் போகும். ஐம்பதைத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு வந்தவரை உலைப் பக்கமே விடக்கூடாது, சம்பளம் குறையாமல் வேறு பிரிவுக்கு மாற்ற வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருந்த விதி.

கருவிக்கு ஒரு குறை இருந்தது. அறுபத்தைந்து வரைக்கும்தான் எண்ணாகச் சொல்லும். அதற்கு மேல் போனால் 'ஹை' என்று ஒரு வார்த்தையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். எண்ணுக்குப் பதிலாக வார்த்தை வந்தால் நிரலில் என்ன செய்வது? அவள் அதிகம் யோசிக்கவில்லை. 'முடிவிலி' என்று வைத்தாள். எந்த எண்ணோடு ஒப்பிட்டாலும் அதுதானே பெரியது? ஐம்பதைவிடப் பெரியது, ஆகவே சிவப்பு. தன் கணினியில் ஓட்டிப் பார்த்தாள். நெருப்பு மாதிரிச் சிவப்பு வந்தது. அழகாகச் செய்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு காப்பி கூடுதலாகக் குடித்தாள்.

நான்கு மாதம் ஓடிப்போனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் அதே தொழிற்சாலையில்தான் வேலை, உருக்கும் பிரிவில் பதினான்கு வருடம். தங்கை எழுதிய மென்பொருளில்தான் தன் ரிப்போர்ட் வருகிறது என்று பார்ப்பவரிடமெல்லாம் சொல்லிப் பெருமையடித்துக்கொள்கிறவன். அவள் உள்ளே நுழைந்தபோது கண்ணாடி முன்னால் நின்று சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். விரல் பொத்தானைப் பிடிக்கிறது, துளைக்குப் பக்கத்தில் போனதும் நழுவுகிறது. மணிக்கட்டு அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. அண்ணி ஒன்றும் பேசாமல் வந்து, ஐந்து பொத்தானையும் போட்டுவிட்டு, ஒன்றும் பேசாமல் போனாள். இது முதல் நாள் இல்லை என்று அந்தப் பேசாமையிலேயே தெரிந்தது.

"என்னண்ணா இது?"

"ஒண்ணுமில்ல குட்டி. கை மரத்துப் போச்சு. ராத்திரி கைய மடக்கி வச்சுப் படுத்துட்டேன் போல."

"ரெண்டு மாசமா மடக்கி வச்சுத்தான் படுக்கறாரு உங்கண்ணன்," என்று உள்ளேயிருந்து அண்ணி சொன்னாள். "வயித்து வலின்னு சுருண்டுக்கறாரு, சாப்பாடு எறங்கல. டாக்டர்கிட்ட வாங்கன்னா எரிஞ்சு விழறாரு. எப்பவாவது என்கிட்ட குரல் உசத்திப் பேசியிருக்காரா? இப்ப தொட்டதுக்கெல்லாம் கத்தறாரு."

"அடடா, ஆரம்பிச்சிட்டாளா. எனக்கு ஒண்ணுமில்லடி. ரிப்போர்ட்லயே வந்திருக்கு." அவன் கைப்பேசியை எடுத்துத் தங்கையிடம் நீட்டினான். "நீயே அவளுக்கு எடுத்துச் சொல்லு. நீ பண்ணதுதானே?"

திரையில் அவனுடைய தொழிலாளர் எண் 417. சாப்பாட்டு டப்பா மாறிவிடக் கூடாதென்று அண்ணி சிவப்பு நகப்பூச்சால் மூடியில் எழுதி வைத்திருக்கும் அதே எண். அதற்கு நேராக, கடந்த மூன்று மாதங்களுக்கும் ஒரு சின்னப் படுக்கைக் கோடு. வேறொன்றும் இல்லை.

"கோடுன்னா ஒண்ணுமில்லன்னு அர்த்தம். ஃபோர்மேனே சொன்னாரு," என்றான் அண்ணன்.

அவளுக்குத் தெரியும், கோடு என்றால் அந்த அர்த்தம் இல்லை. கோடு என்றால் பரிசோதனையே நடக்கவில்லை.

"நீ ரத்தம் குடுக்கலையா?"

"குடுக்காம? மாசாமாசம் குத்தறாங்களே. இந்தா பாரு." இடது கை மோதிர விரலை நீட்டினான். நுனியில் கருத்த புள்ளி ஒன்று.

அண்ணி வைத்த காப்பியைப் பாதியிலேயே வைத்துவிட்டுக் கிளம்பினாள்.

திங்கட்கிழமை காலை, மேசையில் பையை வைக்கும் முன்பே பூதக்கண்ணாடியைக் கூப்பிட்டாள். பூதக்கண்ணாடி என்பது அங்கே சோதனைப் பிரிவைப் பார்க்கும் மூத்தவர். யார் எதைச் செய்தாலும் அதில் ஒரு தவறு கண்டுபிடித்துவிட்டுத்தான் மதியச் சாப்பாட்டுக்கு எழுந்திருப்பார். அதிகம் பேசமாட்டார். கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு அவள் திரையைப் பார்த்தார்.

"நானூத்திப் பதினேழு. உள்ள பாருங்க சார், முடிவிலி. சிவப்பு. மூணு மாசமும் சிவப்பு. அங்க ஃபோன்ல மட்டும் கோடு."

"நடுவுல என்ன இருக்கு?"

நடுவில் இருந்தது பொட்டலம் கட்டும் வேலைதான். நிரலுக்குள் உயிரோடு இருக்கும் பொருளை அப்படியே கம்பி வழியாக அனுப்ப முடியாது. வீடு மாறும்போது சாமான்களை அட்டைப்பெட்டியில் அடுக்குவது போல, அதை எழுத்துகளாக அடுக்கிக் கட்டித்தான் அனுப்ப வேண்டும். அந்தக் கட்டுக்கு ஜேசன் என்று பெயர். எல்லாரும் பயன்படுத்துவது, எளியது, நல்லது. கட்டுகிற வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை, கணினியே தன் வழக்கப்படி செய்துவிடும். அவளும் அதனிடமே விட்டிருந்தாள்.

அனுப்பிய கட்டைப் பிரித்துப் பார்த்தார்கள். 417 என்ற எண்ணுக்கு எதிரே 'நல்' என்று இருந்தது. நல் என்றால் வெறுமை. அந்த இடத்தில் ஒன்றும் இல்லை என்று பொருள். வெறுமை வந்த இடத்தில் கைப்பேசி கோடு போட்டுவிடும்.

பூதக்கண்ணாடி மெதுவாகச் சொன்னார்: "ஜேசன்ல முடிவிலிக்கு எடமே கெடையாதும்மா. அதுல எண் வைக்கலாம், எழுத்து வைக்கலாம். முடிவிலி வந்தா என்ன பண்றதுன்னு தெரியாம, ஒண்ணுமில்லன்னு எழுதிட்டு அடுத்ததுக்குப் போயிடும். சத்தமே போடாது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். இது அவளுக்குத் தெரியாத விஷயமா? கல்லூரி முதல் வருடத்தில் படித்தது. ஈயத்தின் அளவு மூன்றுக்கும் குறைவாக வரும் ரத்தத்துக்கு "3-க்குக் கீழ்" என்று வர வேண்டுமென்று வாடிக்கையாளர் கேட்டபோது, அதற்குத் தனிக் குறி வைத்து எவ்வளவு அக்கறையாக எழுதினாள்? கீழே பார்த்தவள் மேலே பார்க்கவில்லை. அறுபத்தைந்தைத் தாண்டிய ஒரு ஆள் எழுந்து நடமாடி, டப்பாவைத் தூக்கிக்கொண்டு வேலைக்கு வருவான் என்று அவள் மனசு நினைக்கவே இல்லை.

"மொத்தம் எத்தன பேரு?" என்றார் அவர்.

தேடினாள். பதினொரு பேர். இன்னொன்றும் கண்ணில் பட்டது, அதுதான் அவளை ஆட்டிவைத்தது. தொழிற்சாலையின் மாதச் சராசரி மாதாமாதம் குறைந்துகொண்டே வந்திருந்தது. வெறுமையைச் சராசரியில் சேர்க்க முடியாதே. ஒருவர் ரத்தத்தில் ஈயம் ஏறி ஏறி, அறுபத்தைந்தைத் தாண்டிய அந்த நிமிடமே கணக்கிலிருந்து காணாமல் போனார். ஆள் எவ்வளவுக்குக் கெட்டுப்போகிறாரோ, தொழிற்சாலை அவ்வளவுக்குச் சுத்தமாகத் தெரிந்தது. போன மாதம் அவர்களுக்குப் பாராட்டுக் கடிதம்கூட வந்ததாம்.

கண்ணில் நீர் முட்டியது. அழுதுகொண்டிருக்க நேரமில்லை என்று துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கணினியின் வழக்கத்தை நம்பியது போதும், இந்தப் பொருளை எப்படிக் கட்ட வேண்டும் என்று இனி நானே சொல்கிறேன் என்று தனியாக ஒரு துண்டு நிரல் எழுதினாள். பன்னிரண்டே வரிகள். அளவு முடிவிலியாக இருந்தால் வெறுமை என்று எழுதாதே. அறுபத்தைந்து என்று எழுது, பக்கத்தில் 'மேல்' என்று குறி போடு. கீழ் என்ற குறியைக் காட்டத் தெரிந்த கைப்பேசிக்கு மேல் என்பதையும் காட்டத் தெரியும். அறுபத்தைந்து ஐம்பதைவிடப் பெரியது, ஆகவே சிவப்பும் தானாக வரும்.

பூதக்கண்ணாடி அந்தப் பன்னிரண்டு வரியை ஒரு மணி நேரம் படித்தார். பழைய பதிவு, புதிய பதிவு, மூன்றுக்குக் கீழ், ஐம்பதுக்கு நேர், ஒன்றையும் விடாமல் ஓட்டிப் பார்த்தார். பிறகு தன் மேசைக்குப் போய்ச் சம்மதத்தை அழுத்தினார். வந்ததிலிருந்து அவர் தவறு கண்டுபிடிக்காமல் சாப்பிடப் போனது அன்றைக்குத்தான்.

இரண்டு கையும் விழுந்துவிட்டது. வெளியே அனுப்பும் பொத்தான் பச்சையாக நின்றது. ஆனாலும் வாடிக்கையாளருக்குத் தெரியும்படியான மாற்றம் என்றால் மேலாளரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்புவது அங்கே மரியாதை. சொன்னாள். அவர் முழுவதும் கேட்டார். நெற்றியைத் தேய்த்தார்.

"நாளைக்கு அவங்க பாதுகாப்பு அதிகாரி வர்றாரு. ஒரு வார்த்த கேட்டுட்டு பாக்கலாம்."

"இதுல கேக்க என்ன சார் இருக்கு?"

"பாக்கலாம்மா."

படிக்கட்டில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். உள்ளதைச் சொன்னாள். தான் செய்த தவறையும் சொன்னாள். அவன் பின்னால் உலை இரைகிற சத்தம் கேட்டது.

"நீ உடனே வெளிய வா அண்ணா. என்ன மன்னிச்சுடு. மொதல்ல வெளிய வா."

"வெளிய வந்து என்னன்னு சொல்றது குட்டி? என் ரிப்போர்ட்ல கோடு இருக்கு. சிவப்பு வந்தவனத்தான் மாத்துவாங்க. கோட்டக் காட்டி வேற எடம் குடுங்கன்னா, ஃபோர்மேன் என்ன சொல்வாரு? சோம்பேறி, தங்கச்சி கம்ப்யூட்டர்ல இருக்கான்னு திமிருன்னு சொல்வாரு. போன மாசம் ஒருத்தன் அப்படிக் கேட்டான். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்: "என்னோட நிக்கறவன் ரெண்டு பேருக்கும் கோடுதான் வருது. அவங்களுக்கும் இதானா?"

"ஆமா."

"அப்ப எல்லாருக்கும் சிவப்பா வர மாதிரி பண்ணு. நாங்க வெளிய வர்றோம்."

அவ்வளவுதான். அன்று முழுக்க அவளுக்கு வேறெதுவும் காதில் விழவில்லை.

மறுநாள் பதினொரு மணிக்குத் தொழிற்சாலையின் பாதுகாப்பு அதிகாரி வந்தார். கையில் மஞ்சள் ஹெல்மெட் வேறு. டயர் கடை மாடிக்கு வருவதற்கு ஹெல்மெட் எதற்கு என்று யாருக்கும் விளங்கவில்லை. ஒரு கீறல்கூட இல்லாமல் அது பளபளவென்று இருந்தது. சின்ன அறையில் மேசையைச் சுற்றி நான்கு பேர் உட்கார்ந்தார்கள்: அதிகாரி, மேலாளர், அவள், பூதக்கண்ணாடி. அவளுடைய மடிக்கணினி சுவர்த்திரையோடு இணைக்கப்பட்டிருந்தது. திரையின் மூலையில் அந்தப் பச்சைப் பொத்தான்.

அதிகாரி ரொம்ப இனிமையாகப் பேசினார். "உங்க அக்கறை புரியுது மேடம். ரொம்ப நல்ல விஷயம். ஆனா வியாழக்கிழமை எங்களுக்கு ஆய்வு இருக்கு. நாலு மாசமா கோடா வந்த எடத்துல திடீர்னு பதினொரு சிவப்புன்னா, கேள்வி வரும். எதுக்கு வம்பு? ஆய்வு முடியட்டும். வெள்ளிக்கிழமை காலைல நீங்களே அனுப்பிக்கங்க. நடுவுல ரெண்டே நாள்."

"அந்த ரெண்டு நாளும் அந்தப் பதினொரு பேரு எங்க சார் நிப்பாங்க?"

"வழக்கமா நிக்கற எடத்துலதான்."

"உலைக்குப் பக்கத்துல."

அவர் ஹெல்மெட்டைத் திருப்பி வைத்தார். மேலாளர் இடையில் புகுந்தார்.

"இங்க பாருங்கம்மா, நான் ஒண்ணும் பொய் சொல்லச் சொல்லல. நீங்க புதுசா எழுதினத நிறுத்தி வையுங்க, அவ்வளவுதான். டீஃபால்ட்டா கம்ப்யூட்டர் தானா என்ன போடுதோ அது வரட்டும். டீஃபால்ட்டுக்கு நம்மள யாரும் குத்தம் சொல்ல முடியாது."

"டீஃபால்ட்டுன்னா யாரும் யோசிக்கலன்னு அர்த்தம் சார். நாலு மாசம் நான் யோசிக்கல. அது தப்பு, என் தப்பு, எங்க வேணாலும் எழுதிக் குடுக்கறேன். இப்ப யோசிச்சுட்டேன். யோசிச்சதுக்கு அப்புறமும் அப்படியே விட்டா, அதுக்குப் பேரு டீஃபால்ட் இல்ல."

"எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி கட்டி அனுப்பறோம். இதுக்கு மட்டும் தனி வழி எதுக்குன்னு நாளைக்கு யாராவது கேட்டா?"

"கேட்கட்டும். இது மட்டும் மனுஷன் ரத்தம்னு சொல்றேன்."

அதிகாரி இப்போது இனிமையைக் கொஞ்சம் ஓரமாக வைத்தார். "மெஷின் அப்பப்ப அப்படித்தான் மேடம் காட்டும். ஹை, ஹைன்னு. அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது."

பூதக்கண்ணாடி முதல் முறையாக வாயைத் திறந்தார். "ஹைன்னு காட்டினது உங்களுக்குத் தெரியுமா?"

அதிகாரி ஹெல்மெட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். குட்டு வெளிப்பட்ட கோபம் அவள் பக்கம் திரும்பியது. "எனக்கு இன்னொண்ணும் தெரியும். இந்த மேடத்தோட அண்ணன் எங்க உருக்கற பிரிவுல இருக்காரு. நானூத்திப் பதினேழு. சொந்தக்காரருக்காக மென்பொருள மாத்தறாங்கன்னு நான் ஒரு கடிதம் எழுதினா இவங்க வேலை என்ன ஆகும்?"

மேலாளர் அவளைப் பார்த்தார். இது அவருக்குப் புதுச் செய்தி.

பயமாகத்தான் இருந்தது அவளுக்கு. இந்த வேலைக்காக எத்தனை நேர்காணல், எத்தனை நிராகரிப்பு. ஆனால் பயத்துக்கு மேலே வேறொன்று ஏறிக்கொண்டு வந்தது. ஐந்து பொத்தானையும் ஒன்றும் பேசாமல் போட்டுவிட்டுப் போன அண்ணியின் முகம்.

"ஆமா, எங்கண்ணன்தான். பதினொரு பேர்ல ஒருத்தரு எனக்கு அண்ணன். மிச்சப் பத்துப் பேரு வேற யாருக்கோ அண்ணன். அவங்க யாருக்கும் கம்ப்யூட்டர் தெரிஞ்ச தங்கச்சி இல்லாமப் போனா, அப்படியே கோடாவே இருந்து செத்துப் போகணுமா சார்?" குரல் உடைந்தது. அவள் அதைச் சரிசெய்துகொள்ளவில்லை. "கடிதம் எழுதுங்க. ஹைன்னு காட்டினது ஏற்கனவே உங்களுக்குத் தெரியும்னு அதுலயே ஒரு வரி சேர்த்துக்கங்க."

"வேணாம்மா," என்றார் மேலாளர், அவள் கை மடிக்கணினியை நோக்கிப் போவதைப் பார்த்துவிட்டு. "நான் சொல்றேன், வேணாம். பாக்கலாம்."

"நான் பாத்துட்டேன் சார்."

அழுத்திவிட்டாள். பொத்தானில் ஒரு வட்டம் சுற்றியது, சுற்றி முடிந்தது. போய்விட்டது.

மேலாளர் எழுந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. "திரும்ப இழுங்க. இப்பவே."

"நான் மாட்டேன்."

"நீங்க வேணாம், நானே இழுக்கறேன்." தன் கணினிக்கு ஓடினார். அதிகாரி ஹெல்மெட்டோடு பின்னால் ஓடினார். மேலாளர் தன் கணக்கைத் திறந்து, கடகடவென்று தட்டி, திரும்ப இழுக்கும் கட்டளையைத் தயார் செய்தார். முதல் கை விழுந்தது. திரை அமைதியாகக் கேட்டது: இரண்டாவது கை யாருடையது?

அவர் தலையைத் தூக்கினார். அறையில் எல்லோரும் அவரவர் திரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கதவு மெல்லியது, உள்ளே பேசியது ஒரு சொல் விடாமல் வெளியே கேட்டிருந்தது.

"நீங்க ஒரு ஓகே போடுங்க," என்றார் திரைகளுக்குப் படம் வரையும் பெண்ணிடம்.

"எனக்கு இந்தப் பக்கம் ஒண்ணுமே புரியாது சார். புரியாம எப்படிப் போடறது?"

தரவுத்தளத்தைப் பார்ப்பவர் அவர் கேட்கும் முன்பே சொன்னார்: "படிச்சுப் பாக்காம போடக்கூடாதுன்னு நீங்கதான் சார் ஒட்டி வச்சிருக்கீங்க. படிக்கறேன். நிதானமாப் படிக்கறவன் நான், உங்களுக்கே தெரியும்."

மூன்றாமவருக்குக் கடவுச்சொல் மறந்துபோயிருந்தது. அரை மணி நேரத்துக்கு முன்பு நினைவில் இருந்த கடவுச்சொல்தான். நான்காமவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார், பாட்டில் மேசையில் நிறைந்து இருக்கும்போதே. போன மாதம் அவள் எழுபது கேள்வி கேட்டு அழ வைத்த புதுப் பையன் எழுந்து நின்று, "எனக்கு விருப்பம் இல்ல சார்," என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தான்.

கடைசியாகப் பூதக்கண்ணாடி. அவர் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியால் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார். "என் கை ஏற்கனவே அந்தப் பன்னிரண்டு வரி மேல இருக்கு சார். ஒரு மணி நேரம் தப்பு தேடினேன். கெடைக்கல."

மேலாளர் சுவரைப் பார்த்தார். தன் கையெழுத்தைத் தானே படிப்பது போலச் சற்று நேரம் நின்றார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, கட்டளையை நிறைவேற்றவும் இல்லாமல், மூடவும் இல்லாமல், கையை மடியில் வைத்துக்கொண்டார்.

அவளுடைய கைப்பேசி அடித்தது. அண்ணன்.

"குட்டி, சிவப்பா வந்திருக்கு." பின்னால் கசமுசவென்று பேச்சுக் குரல்கள், உலைச் சத்தம் இல்லை. "எனக்கு மட்டும் இல்ல. பக்கத்துல நிக்கறவனுக்கும், அந்தப் பக்கத்து ஆளுக்கும். அறுபத்தஞ்சுக்கு மேல்னு போட்டிருக்கு."

"கீழ என்ன எழுதியிருக்கு? படி அண்ணா. சத்தமாப் படி."

அவள் ஒலிபெருக்கியை அழுத்திக் கைப்பேசியை உயர்த்திப் பிடித்தாள். அண்ணனுக்குப் படிப்பு கொஞ்சம் திக்கும். சொல் சொல்லாகப் படித்தான். "உலைப் பகுதிக்குள்... செல்லக் கூடாது."

"இப்ப எங்க நிக்கற?"

"வாசல்ல. ஃபோர்மேன் கத்திக்கிட்டிருக்காரு. நாங்க யாரும் உள்ள போகல. பதினொரு பேரும் இங்கதான் இருக்கோம்." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னான்: "கை வலிக்குது குட்டி. ரொம்ப நாளா வலிக்குது."

முதல் முறையாக அவன் அதை வாய்விட்டுச் சொன்னான். அவள் அப்போதுதான் அழுதாள், எல்லோரும் பார்க்க, முகத்தை மூடிக்கொள்ளாமல். "நேரா ஆஸ்பத்திரிக்குப் போ. பத்துப் பேரையும் கூட்டிக்கிட்டுப் போ. நான் அண்ணியக் கூட்டிக்கிட்டு வர்றேன்."

அதிகாரியின் கைப்பேசியும் அடிக்கத் தொடங்கியிருந்தது. ஒன்றை எடுத்துப் பேசி வைப்பதற்குள் அடுத்தது வந்தது. அவர் ஹெல்மெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் மேசைக்கு வந்து நின்றார். முகத்தில் வியர்வை.

"பதினொரு பேரும் வெளிய போயிட்டா உலை நிக்கும் மேடம். இன்னைக்கு உற்பத்தின்னு ஆய்வு அதிகாரிக்கு நான் என்னத்தக் காட்டறது?"

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தபடி எழுந்தாள்.

"ஒரு கோடு போட்டுக் காட்டுங்க சார்."